கூப்பிடுகிறவரும் பணம் கொடுக்கிறவரும்

பழுதுவேலைக்குப் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் வேலை கிடைக்குமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை தேவையில்லை. சென்னையின் தெற்குப் புறநகரையே எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பாக்கம், நங்கநல்லூர், மேடவாக்கம், சேலையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்தான். பல தெருக்களில் அது உப்பு. ஷவர் அடைத்துக்கொள்கிறது, குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறது, ஹீட்டர் காயில் சீக்கிரம் போய்விடுகிறது. முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகளில் மொட்டை மாடித் தட்டோடு விரிசல் விட்டிருக்கிறது. வேலைக்குப் பஞ்சம் இல்லை. முடித்த அன்றைக்கே முகம் சுளிக்காமல் காசு கொடுக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

அந்த ஆளைக் கண்டுபிடிக்க, போன் வந்ததும் உங்களுக்கு நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். என்னைக் கூப்பிடுவது யார், பணம் கொடுக்கப்போவது யார்? பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆள் இல்லை. புதிய கான்ட்ராக்டர்களுக்குப் பணம் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கூப்பிட்டவர் ஏமாற்றுக்காரராக இருக்க மாட்டார். பணம் அவர் கையில் இல்லை, அவ்வளவுதான்.

வாடகை வீட்டில் இது நன்றாகத் தெரியும். குடியிருப்பவர் கூப்பிடுவார், “பாத்ரூம் பைப் வெடிச்சிருச்சு, உடனே வாங்க” என்பார். நீங்கள் போய்ச் சுவரை உடைத்து, பைப் மாற்றி, 3,500 ரூபாய் என்றால், “ஓனர்கிட்ட சொல்றேன்” என்ற பதில் வரும். ஓனர், “என்னைக் கேட்காம யார் உடைக்கச் சொன்னது?” என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நடுவில் நிற்பது நீங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்தே வைத்திருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச் போன்ற அன்றாடப் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு சட்டம் பேசப் போகாதீர்கள். வாஷர் மாற்றுவதென்றால் குடியிருப்பவரிடமே வாங்கலாம், உளி எடுக்க வேண்டியதென்றால் ஓனரிடம் பேசிவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும் என்று முடிவெடுக்க அது போதும். அவசரம் என்றால் வால்வை மூடித் தண்ணீரை நிறுத்திக் கொடுங்கள். அதற்குள் ஓனர் லைனில் வந்துவிடுவார்.

வாடகை வீட்டிலேயே இன்னொரு வழி இருக்கிறது. கேட்டில் தொங்கும் ‘டு லெட்’ பலகை. அதில் எழுதியிருக்கும் நம்பர் பெரும்பாலும் ஓனருடையது, அதாவது பணம் கொடுப்பவருடையது. வீடு காலி. ஒவ்வொரு நாளும் அவருக்கு வாடகை நஷ்டம். காலி செய்து போனவரின் அட்வான்ஸில் பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். ஆகவே செலவுக்கான தொகையும் பல சமயம் அவர் கையிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட வாடிக்கையாளர் புதியவருக்கு வேறெங்கும் அமைவது கடினம். அவரிடம் விலையைக் குறைத்துச் சொல்லி வேலை கேட்காதீர்கள். “வெள்ளிக்கிழமை சாவி கொடுங்க சார், செவ்வாய்க்கிழமை ஆள் கூட்டிட்டு வந்து வீட்டைக் காட்டலாம்” என்று சொல்லுங்கள். பெயிண்டோடு ஒழுகும் குழாய், தாழ்ப்பாள் கழன்ற கதவு, வேலை செய்யாத காலிங் பெல் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் முடித்துக் கொடுக்கிறேன் என்றால் மறுக்கிறவர் குறைவு. பள்ளிக்கூட லீவு விடுகிற ஏப்ரல், மே மாதங்களில் வீடு மாறுகிறவர்கள் அதிகம். அப்போது காலை நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனாலே போதும். உங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். சின்னப் புகாருக்குத் திரும்ப வர முடியாத தூரத்தில் வேலை பிடித்தால் கூலி பெட்ரோலுக்கே சரியாகப் போகும், பேருக்கும் கெடுதல்.

அடுத்த வகை, பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள். நங்கநல்லூர் பக்கம் இது ஏராளம். அம்மா கூப்பிடுவார். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். “தம்பி, எவ்வளவு ஆகும்னு சொல்லு” என்பார். சொன்னால், “பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்பார். பையன் அமெரிக்காவில். அம்மா அவருக்கு என்ன சொல்வார்? “ஒரு ஆள் வந்தான், நாற்பதாயிரம் கேட்கிறான்” என்பார். அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்த பிறகு உங்களுக்கு வேலை கிடைக்காது. தொகை மட்டும் தனியாக அவரிடம் போகக் கூடாது, பழுதும் சேர்ந்து போக வேண்டும்.

சுவருக்கு எதிரே வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே காரணம் கிடைக்கும். சன்ஷேடுக்கு மேலே ஒரு விரிசல் இருக்கும், அல்லது மழைநீர்க் குழாய் இணைப்பு விட்டிருக்கும், அல்லது மாடியிலிருந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ தண்ணீர் சுவரிலேயே வழிந்து பாசி கோடு போட்டிருக்கும். உள்ளே ஒரு படம், வெளியே ஒரு படம், இரண்டையும் சேர்த்துக் காட்டும் ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். “அம்மா, நீங்க விளக்கிச் சொல்ல வேண்டாம், நான் இதை அனுப்பறேன், பையன் நம்பர் மட்டும் கொடுங்க” என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி, அதை அப்படியே அவருக்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்பினால் அமெரிக்காவில் காலை, அவர் பார்ப்பார். எழுதும்போது மொத்தத் தொகையை மட்டும் போடாமல் இப்படி எழுதுங்கள்:

“வடக்குப் பக்கப் படுக்கையறைச் சுவர், 10 அடிக்கு 4 அடி. வெளியே சன்ஷேடு மேல் விரிசலை வெட்டி அடைத்தல். உள்ளே பழைய பூச்சை எடுத்து மறுபூச்சு, நன்றாகக் காய விட்டு, பட்டி இரண்டு கோட், பிரைமர் ஒன்று, பெயிண்ட் இரண்டு கோட். இடிபாடு அள்ளி வெளியேற்றுவது எங்கள் பொறுப்பு. மற்ற மூன்று சுவர்களும் கூரையும் இதில் சேராது.”

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். இடிபாட்டை யார் அள்ளுவது என்று பேசாமல் விட்டால் வேலை முடிந்த பிறகு வாசலில் பத்து மூட்டை நிற்கும், அதற்கு வண்டிக் கூலி உங்கள் தலையில் விழும். ‘இதில் சேராது’ என்று எழுதாவிட்டால், “அப்படியே அந்தச் சுவரையும் ஒரு கோட் அடிச்சிருங்களேன்” என்று வரும். அதைக் கேட்கும் அம்மாவுக்கு அது காசு போகும் வேலையாகவே தெரியாது.

அடுக்ககத்தில் மேல்வீடு, கீழ்வீடு தகராறு என்று ஒன்று உண்டு. அனுபவசாலிகளில் பலர் அதிலிருந்து நழுவப் பார்ப்பார்கள். என் கருத்தில் புதியவருக்கு அதுதான் நல்ல வாசல். ஏனென்றால் அங்கே முதலில் விற்பது கைவேலை இல்லை, கண்டுபிடித்துக் கொடுப்பது. கீழ்வீட்டுக்காரர் தலைமேல் சொட்டுகிறது. மேல்வீட்டுக்காரர், “எங்க வீட்ல ஒண்ணும் ஒழுகலையே!” என்பார், அதுவும் உண்மைதான். ஆறு மாதமாக இருவரும் லிஃப்டில் பேசிக்கொள்வதில்லை. கூப்பிடுகிறவர் கீழே, உடைக்க வேண்டிய தரை மேலே, பணம் யார் என்பது தெரியாது.

இங்கே உளியோடு போகாதீர்கள். கேள்வியோடு போங்கள். மேல்வீட்டார் ஊருக்குப் போயிருந்த நாட்களிலும் சொட்டியதா? ஆமாம் என்றால் சந்தேகம் தண்ணீர் லைன் மேல்தான், அதில் எந்நேரமும் தண்ணீர் நிற்கிறது. அந்தக் குளியலறைக்குப் போகும் வால்வை ஒரு நாள் மூடிப் பார்த்தால் உறுதியாகிவிடும். குளித்தால் மட்டும் சொட்டுகிறது என்றால் கழிவு லைன், அல்லது டைல்ஸ் இடுக்கு வழியாகத் தரை. இந்த இரண்டையும் பிரிக்க, நஹானி டிராப் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். கட்டிய தண்ணீரிலேயே கீழே ஈரம் கூடினால் தரை. கூடாமல், அடைப்பை எடுத்து தண்ணீரை இறக்கிவிட்ட பிறகு சொட்டினால் கழிவு பைப். பழைய ஈரம் கான்கிரீட்டுக்குள் தங்கியிருந்து மெதுவாக இறங்கும் என்பதால் கீழே ஈர எல்லையைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, மணியையும் எழுதிவிட்டுப் படம் எடுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு வாதம் தானாக அடங்கும்.

இந்தப் பரிசோதனைக்குத் தனியாகப் பணம் வாங்குங்கள். 500 ரூபாயோ 1,000 ரூபாயோ, உங்கள் பகுதிக்கு ஏற்றது. கூப்பிட்டவரிடமே வாங்குங்கள், வேலை உங்களுக்கே வந்தால் கழித்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்று மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கண்டதை ஒரு பக்கத்தில் எழுதி இருவருக்கும், குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். யாராவது ஒருவர், “இதற்கு நான் பணம் தருகிறேன்” என்று எழுத்தில் பதில் போட்ட பிறகுதான் டைல்ஸை உடைக்க வேண்டும். இருவரும் பாதிப் பாதி என்றால் இருவரிடமும் தனித்தனியாக அட்வான்ஸ். ஒருவர் வாங்கி மற்றவருக்குத் தருவார் என்ற ஏற்பாடு வேண்டாம், அவர்கள் நடுவே அந்த நம்பிக்கை இருந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள்.

செயலாளரின் கண்ணில் ஒரு முறை நன்றாகப் பட்டுவிட்டால் சங்க வேலைகளும் வரும். சம்ப் சுத்தம், மாடி வாட்டர் புரூஃபிங், காம்பவுண்டுச் சுவர். செயலாளர் கூப்பிடுவார், ஆனால் பெரிய தொகை என்றால் கமிட்டி சம்மதிக்க வேண்டும், மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். மற்ற இரண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகச் சதுர அடி, எத்தனை கோட், எந்த மெட்டீரியல் என்று எழுதினால் நீங்கள் குறைந்த விலைக்காரராக இல்லாவிட்டாலும் பேச்சில் இருப்பீர்கள். சங்கம் பணத்தை செக்கிலோ வங்கி வழியாகவோ தரும், பில் கேட்கும். ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, தனிநபர் கான்ட்ராக்டரிடம் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். பான் கார்டு நம்பர் தராவிட்டால் அது 20 சதவீதம் ஆகிவிடும். நம்பர் தந்திருந்தால் பிடித்தது எங்கும் போய்விடாது, வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பழுதுவேலைச் சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டு வாங்குவது குற்றம், அந்த ஆசை வேண்டாம்.

இந்த வீட்டுக்காரர்களிடமும் சங்கங்களிடமும் உங்கள் பெயர் எப்படிப் போய்ச் சேரும்? ஹார்டுவேர் கடைதான் என் முதல் பதில். காலை எட்டரை மணிக்குப் போனால் அங்கே உங்களைப் போன்ற ஆட்கள்தான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். வீட்டுக்காரர் ஒருவர் உடைந்த ஆங்கிள் காக்கை ஒரு கேரி பேகில் போட்டுக் கொண்டுவந்து, “இதே மாதிரி ஒண்ணு கொடுங்க” என்பார். வாங்கிய பிறகு குரல் கொஞ்சம் இறங்கும்: “இதை மாட்டறதுக்கு ஆள் யாராவது இருக்காங்களா?” கடைக்காரர் அப்போது யார் பெயரைச் சொல்கிறார் என்பதில்தான் உங்கள் முதல் வருஷம் இருக்கிறது. அவர் கணக்கு எளிமையானது. தான் அனுப்பிய ஆள் சொதப்பினால் திட்டு கடைக்கு வரும். ஆகவே புகார் போன அன்றைக்கே திரும்பப் போகிறவரையும், கடன் சொல்லாமல் வாங்குகிறவரையும் அனுப்புவார்.

பெயிண்ட் கடையிலும் இதேதான், கூடவே ஒரு சங்கடம். சில பக்கெட்டுகளுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் இருக்கும், இப்போது ஸ்கேன் செய்து பாயிண்ட் சேர்ப்பதும் உண்டு. பெயிண்டுக்குக் காசு கொடுத்தது வீட்டுக்காரர், பலன் உங்களுக்கு. இதை மறைத்து, அதற்காகவே விலை கூடிய பெயிண்டைத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்காரர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. முதல் வருஷம் மெட்டீரியல் பணத்தை வீட்டுக்காரரே கடைக்கு நேராக ஜிபேயில் போடட்டும். கடைக் கமிஷன் கொஞ்சம் போகலாம். ஆனால் உங்கள் முதல் முடங்காது, பில் அவர் கையில் இருக்கும், கூலியைப் பற்றி மட்டும்தான் உங்களோடு பேச்சு.

கடைக்கு வெளியேயும் உங்கள் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் உண்டு: வாட்ச்மேன், மோட்டார் மெக்கானிக், வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் பையன், முக்கியமாகத் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. சதவீதக் கணக்கு எதுவும் பேசாதீர்கள். வேலை முடிந்ததும் நேரில் போய் நன்றி சொல்லி ஏதாவது கொடுங்கள். கூகுள் மேப்பில் பெயர் பதிவது இலவசம், செய்து வையுங்கள். பணம் வாங்கி, வீட்டுக்காரர் சந்தோஷமாக இருக்கும் அந்த நிமிஷத்தில் ரிவ்யூ கேளுங்கள், மறுவாரம் கேட்டால் வராது. காசு கட்டி நம்பர் வாங்கும் தளங்களில் ஒரே நம்பரைப் பல பேருக்கு விற்பது வழக்கம். முதல் மாதங்களில் அந்தக் காசுக்கு ஸ்டிக்கர் அடிக்கலாம். பெயர், போன் நம்பர், அதற்குக் கீழே பேனாவால் தேதியும் என்ன மாற்றினீர்கள் என்பதும். ஸ்டிக்கரைச் சுவரில் ஒட்டாதீர்கள். சிங்க்குக்கு அடியில் அலமாரிக் கதவின் உட்பக்கமும், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் உட்பக்கமும்தான் அதற்கு இடம். அடுத்த முறை பழுது வரும்போது அவர்கள் குனிந்து பார்க்கும் இடம் அது.

இனி அட்வான்ஸ். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கணக்கைக் காட்டிக் கேட்டால் கூச்சம் போய்விடும். மெட்டீரியலோடு சேர்த்து 40,000 ரூபாய் வேலை, அதில் மெட்டீரியல் 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது 20,000, பூச்சு முடிந்ததும் 14,000, முடிவில் 6,000. முதல் தவணை மெட்டீரியலை மூட வேண்டும். கடைசித் தவணை உங்கள் லாபத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அது நின்றுபோனாலும் ஆட்களின் கூலி உங்கள் பாக்கெட்டிலிருந்து போகக் கூடாது. சதுர அடிக் கணக்கில் பெயிண்ட் என்றால், ஆரம்பிக்கும் முன்பே வீட்டுக்காரரை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அளந்து, கதவு ஜன்னலைக் கழிப்பதா இல்லையா என்று பேசி எழுதி, அந்தத் தாளைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். முடிந்த பிறகு அளந்தால் இருவரிடமும் இரண்டு அளவு இருக்கும்.

“முதல்ல ஆரம்பிங்க, காசு எங்க போயிடப்போகுது” என்கிறவரிடம் ஆரம்பிக்காதீர்கள். “இதைக் கம்மியா முடிச்சுக் கொடுங்க, பத்து வீடு பிடிச்சுத் தரேன்” என்கிறவர் ஒரு வீடும் பிடித்துத் தர மாட்டார். பழைய மேஸ்திரி பாதியில் விட்டுப்போன வேலை என்றால், ஏன் போனார் என்று அந்த மேஸ்திரியிடமே கேட்க வழி பாருங்கள். பில்டரிடம் சப்-கான்ட்ராக்ட் எடுப்பது பெரிய வேலை போலத் தோன்றும். பில் பாஸ் ஆகி, பிடித்தம் போக, மாதங்கள் கழித்துப் பணம் வரும். சனிக்கிழமை சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய உங்களுக்கு அது ஒத்து வராது.

மழையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் உங்கள் போன் ஓயாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்கள் மழை என்றாலே பதறுகிறார்கள், ஸ்விட்ச் போர்டையும் மோட்டாரையும் உயர்த்தி வைக்க ஆள் தேடுகிறார்கள். அந்த வேலையை உடனே செய்யலாம். மாடி வாட்டர் புரூஃபிங்கை அப்படிச் செய்ய முடியாது, ஈரத் தளத்தில் பூசினால் பிடிக்காது. தெரிந்தே பூசிவிட்டுப் பணம் வாங்குகிறவர்கள் உண்டு, அடுத்த மழைக்குள் நம்பரையும் மாற்றிவிடுவார்கள். நீங்கள் போய்ப் பாருங்கள். மழை பெய்யும்போதே ஒழுகும் இடத்தைப் படமெடுங்கள், மழைக்குப் பிறகு அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். மழைநீர்க் குழாய் வாயை அடைத்திருக்கும் இலையையும் பாலிதீனையும் எடுத்துவிடுங்கள், சில வீடுகளில் அதிலேயே பாதி ஒழுகல் நின்றுவிடும். பார்வைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, “இப்போ செஞ்சா நிக்காது, பொங்கல் முடிஞ்சதும் செய்யலாம்” என்று சொல்லி, வீடு, இடம், சதுர அடி, பணம் கொடுப்பவர் பெயர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வெயில் ஏறிய பிறகு பலருக்கு ஒழுகல் மறந்துபோயிருக்கும். ஜனவரி கடைசியில் அந்த நோட்டை எடுத்து, அக்டோபரில் எடுத்த படத்தோடு ஒவ்வொருவருக்கும் தேதி கேட்டு அனுப்புங்கள். மேல்வீட்டுத் தகராறு உள்ளவர்களையும், கமிட்டி கூட வேண்டிய சங்கங்களையும் முதலில் அனுப்பும் பட்டியலில் வையுங்கள். அவர்களிடமிருந்து பதில் வரவே ஒரு மாதம் ஆகும்.